பிறர் நிலத்துக் கீரை

1857ஆம் ஆண்டில், கிள்ளானை நிர்வகித்து வந்த ராஜா அப்துல்லா வெள்ளீயம் தேடுவதற்காக 87 சீனத் தொழிலாளரை ஆற்று மார்க்கமாக அனுப்பியபோது, அவர்கள் கரையிறங்கிக் காட்டைக் கடந்து சென்று மண்ணைத் தோண்டத் தொடங்கிய ஸ்தலம் அம்பாங். ஒரு மாதத்திற்குள் விஷக்காய்ச்சல் அவர்களில் 18 பேரை மட்டுமே மிச்சம் வைத்தது. ஆனாலும் ஈயம் கிடைத்தது. அந்த ஈயத்தினால் கோலாலம்பூர் என்ற பட்டணமும் உண்டாயிற்று. ஈயம் எடுப்பதாவது, பெரும்பாலும், மேல்மண்ணை நீரால் கரைத்து, கனமான தாதுவைப் பிரித்துக்கொண்டு, சத்தெல்லாம் கழுவுண்ட மணலை ஒரு பக்கமும் வழுக்குச் சேற்றை இன்னொரு பக்கமும் ஒதுக்கிவிட்டுப் போவதுதான். ஆகையால் அந்த வட்டாரத்தில் இன்று வீட்டருகே கீரை விதைக்க ஆசைப்படுகிறவர், தம் மண்வெட்டிக்கு அகப்படுவது மண்தானா, ஈயக்காரர்கள் விட்டுப்போன மணலா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அந்த ஆசையோ இப்போது பலருக்கும் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பின்புறத்திலும், ஆற்றோரத்து ஒதுக்கு நிலத்திலும், உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழும் அண்டை அயலார் கூடிப் பயிரிடும் சமூகத் தோட்டங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆங்காங்கே தோன்றியிருக்கின்றன. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததும், கேமரன் மலையில் விளைந்த காய்கறிகள் சந்தைக்கு வர வழியின்றிக் குப்பையில் கொட்டப்பட்ட செய்தியைப் படித்த பட்டணவாசிகளுக்கு, தாங்கள் உண்ணும் ஆகாரம் எத்தனை தூரத்திலிருந்து வருகிறது என்ற விஷயம் சட்டென்று புலப்பட்டது. மறு ஆண்டில் மலேசியா இறக்குமதி செய்த உணவுப் பொருள்களின் மதிப்பு ஆறாயிரம் கோடி ரிங்கிட்டுக்கு மேல். நாலு பாத்திக் கீரையால் அந்தத் தொகை குறைந்துவிடும் என்று நம்புகிறவர் யாரும் இல்லை; நானும் அப்படிச் சொல்ல வரவில்லை.

நம்மவர்களுக்கு இந்தத் தொழில் புதிதுமல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைப் பயிரிடவும் மாடு மேய்க்கவும் ஒதுக்கித் தரவேண்டும் என்று முதலாளிகளுக்கு விதித்தது. ஏட்டில் இருந்த இந்த விதி எல்லாத் தோட்டங்களிலும் நிலத்திலும் இருந்தது என்று சொல்வதற்கில்லை. இருந்த இடங்களில், விடியுமுன் பால்மரக் காட்டுக்குப் போய்த் திரும்பிய பெண்கள், லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் கத்தரியும் வெண்டையும் வளர்த்தார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி வரவு நின்றபோது மரவள்ளிக் கிழங்கு எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. பின்பு தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாக மாறி, ஜனங்கள் அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,700 சதுர அடி. அரசாங்க மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் ஒரு வீடு 700 சதுர அடி. அதாவது, கூலியாக வாழ்ந்த பாட்டனுக்குச் சட்டம் வகுத்த கொல்லையில், பேரன் வசிக்கும் முழுவீட்டைப் போல் கிட்டத்தட்ட நான்கைப் பரப்பி வைக்கலாம்.

ஆகையினால், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப் பணிக்கு அழைப்பு விடுத்தால் முதலில் மண்வெட்டியோடு வந்து நிற்பவர்கள், தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை. தமிழ்நாட்டில் பாத்தி என்பது வரப்புக் கட்டி நீரைத் தேக்குவதற்காக. இங்கேயோ, ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற பூமியில், பாத்தியை முழங்காலளவு மேடாக உயர்த்தி நீரை வடியவிடுவதுதான் சாமர்த்தியம். பிற்பகலில் இடியோடு இறங்கும் ஒரு மழை, காலையில் தூவிய கீரை விதையையெல்லாம் வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடும்; எனவே நாற்றை வலைக்கூரையின் கீழ் வளர்த்துப் பின்பு நடுகிறார்கள். செம்மண்ணின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பும், மணலுக்குப் பிடிப்பு உண்டாக்க மட்கிய சமையற்கழிவும் சருகும் சேர்க்கிறார்கள். இரவில் கைவிளக்கோடு வந்து ஆப்பிரிக்க நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போடுகிற பிரயாசையையும் யாரோ ஒருவர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். மழைநீர்ப் பீப்பாய்க்கு வலைமூடி தவறினால் ஏடிஸ் கொசு குடிபுகும். கொசுவுக்கு இடங்கொடுத்தவருக்கு 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கின்றித் தீர்க்கும் சமரச அபராதமே 500 ரிங்கிட் வரை போகும். தோட்டம் வேண்டாம் என்று அயலார் சொல்லும் காரணங்களில் டெங்கிக் காய்ச்சல் முக்கியமானது. அது நியாயமான அச்சமும்கூட.

மண்ணையும் மழையையும் கொசுவையும் ஒருவாறு சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நிலம் யாருடையது என்ற கேள்வி. பங்சாரில், குடியிருப்புகளுக்கு நடுவே மின்கம்பிகளுக்காக ஒதுக்கப்பட்ட எட்டு ஏக்கர் சரிவில், நிலவனப்புக் கலைஞர் இங் செக் சான் முன்னின்று 2017ஆம் ஆண்டளவில் தொடங்கிய 'கெபுன் கெபுன் பங்சார்' கோலாலம்பூரின் பிரசித்தி பெற்ற சமூகத் தோட்டம்; தொண்டர்கள் உழைக்கிறார்கள், விளைச்சலில் ஒரு பகுதி ஏழைகளுக்குப் போகிறது. ஆனால் 2021இல், அங்கே வளர்ந்த கால்நடைகளைப் பற்றியும் கொட்டகைகளைப் பற்றியும் அயலாரில் சிலர் முறையிட, அவற்றை அகற்றும்படி நில அலுவலகம் ஆணையிட்டது. பத்திரிகைகளில் பெரும் விவாதம் நடந்தது. என் அபிப்பிராயத்தில் முறையிட்டவர்களும் வில்லன்கள் அல்லர்; அடுத்த வீட்டாரின் சம்மதத்தை விதைக்கு முன்பே பெறவேண்டும் என்பதைத்தான் அந்த விவகாரம் காட்டிற்று.

சிங்கப்பூரில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. 2005இல் அங்கே தொடங்கிய 'கம்யூனிட்டி இன் புளூம்' இயக்கத்தைத் தொடர்ந்து, 2016 முதல் பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்திகளை, ஆண்டுக்கு 57 வெள்ளியும் வரியும் பெற்றுக்கொண்டு மூன்று ஆண்டுக்கு வாடகைக்கு விட்டார்கள். சிறிய இடந்தான், ஆனால் மூன்று ஆண்டு நிச்சயம். மலேசியாவிலோ அரசாங்க நிலத்தைத் தற்காலிகமாக அநுபவிக்க 1965ஆம் ஆண்டு நிலச் சட்டம் தரும் டி.ஓ.எல். உரிமம், எந்த மாதத்தில் பெற்றாலும் அந்த ஆண்டின் டிசம்பர் 31க்கு மேல் செல்லாது. மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அடுக்குமாடியின் பொது இடமானால் நிர்வாகக் குழுவின் இசைவும், ஆற்றோரமானால் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இசைவும், மின்கம்பியின் கீழானால் தெனாகா நேஷனல் மின் நிறுவனத்தின் இசைவும் வேண்டும். மின்கம்பியின் கீழ் உயர்ந்து வளரும் மரத்துக்கே இடமில்லை.

இந்த நிச்சயமின்மையின் விளைவு பாத்திகளிலேயே தெரிகிறது. பங்சாரைப் போன்ற விதிவிலக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இருபத்தைந்து, முப்பது நாளில் அறுவடையாகும் கங்குங் கீரையும், கிளையை ஒடித்து ஊன்றினால் துளிர்க்கும் சாயூர் மானிஸ் கீரையும், செராய் என்னும் எலுமிச்சைப் புல்லும்தான் மிகுதி. கறிவேப்பிலை ஒன்றிரண்டு இருக்கும். பலாவும் மாவும் அரிது. காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும் கன்றை நடுகிறவர், அதுவரை அந்த இடம் தம் கையில் இருக்கும் என்று நம்பவேண்டும். ஆகவே, அம்பாங்கில் புதிதாகத் தொடங்க நினைக்கும் குடியிருப்பாளர்கள், விதை வாங்கப் போவதற்கு முன் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்குப் போய், நிலம் எந்த இலாகாவின் பெயரில் இருக்கிறது என்பதையும், இசைவு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்; எதை நடுவது என்பதை அந்தக் காகிதத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.