பிறந்த நாளும் பிரியும் நாளும்

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு மாலை, நமது பங்கைச் சேர்ந்த குடும்பம் ஒன்றின் அழைப்பை ஏற்று, அவர்களுடைய கடைக்குட்டியின் ஐந்தாம் பிறந்த நாள் விழாவிற்குச் சென்றிருந்தோம். வாசலில் வண்ணத்தாள் தோரணம், கூடமெங்கும் பலூன்கள், மேசைமீது சிறுவனின் பெயர் எழுதிய கேக், அதன்மேல் ஐந்து மெழுகுதிரிகள். வந்திருந்தோர் நாற்பது பேருக்குக் குறையார். விழாவின் நாயகனோ, புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருகியவண்ணம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். செபம் சொல்லி முடிந்தது. திரிகளை ஊதும்படி எல்லாரும் அவனை ஏவினர். அவன் ஊதவில்லை. "ஆயா வரட்டும்" என்றான்.

எங்கள் வட்டாரத்தில் பாட்டியையும் ஆயா என்று அழைப்பது வழக்கம். ஆகவே பாட்டியார், "இதோ இருக்கேனேடா கண்ணு!" என்று முன்னே வந்தார். சிறுவன் தலையை ஆட்டினான். "நீ இல்ல, பள்ளிக்கூடத்து ஆயா."

கூடியிருந்தோர் சிரித்தனர். பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கோவிலையடுத்த பாலர் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டியவரும், அவன் கால்சட்டையை நனைத்துக்கொண்ட நாள்களில் மற்றப் பிள்ளைகள் அறியாமல் மாற்றிவிட்டவரும், பிற்பகலில் பாய் விரித்துத் தட்டித் தூங்கவைத்தவருமான அந்த அம்மையாரை அழைக்க வேண்டும் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்பள்ளியின் தாளாளர் நாமே.

இன்னும் நான்கே நாள்களில் பாலர் பள்ளியில் அவன் காலம் முடிகிறது. ஜூன் மாதம் வேனில் ஏறிப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்குச் செல்லப் போகிறான். "நீ பெரிய பையன் ஆகிவிட்டாய்" என்று இதனை வீட்டார் நற்செய்தியாகவே அவனிடம் சொல்லி வந்தனர். அச்செய்தியில் தனக்கு இழப்பு எது என்பதை அவன் தானாகவே கணக்கிட்டிருக்கிறான்.

திரிகளை அணைத்து வைத்துவிட்டு, அவனுடைய அக்காளைச் சைக்கிளில் அனுப்பினார்கள். அரை மணி நேரத்தில் ஆயா வந்தார். பாத்திரம் துலக்கிய கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசற்படியில் நின்றவரை உள்ளே அழைத்தோம். அவர் முதலில் செய்த காரியம், சிறுவனின் மூக்கைத் துடைத்துவிட்டது. அதன் பின்னரே அவன் ஊதினான்.

இரவு அறைக்குத் திரும்பியபின் இந்நிகழ்ச்சி நம் மனத்தைவிட்டு அகலவில்லை. திருநூலில் பிறந்த நாள் விருந்து என்று நாம் காண்பவை பெரும்பாலும் அரசர்களுடையவை. தொடக்க நூலில் பார்வோன் தன் பிறந்த நாளில் விருந்து வைத்து, தன் அப்பம் சுடுவோரின் தலைவனைக் கழுவேற்றுகிறான். நற்செய்தியில் ஏரோது தன் பிறந்த நாளில் விருந்து வைத்து, அருளப்பரின் தலையைத் தட்டில் கொடுக்கிறான். திருச்சபையின் நாள்காட்டியோ புனிதர்களைப் பொதுவாக அவர்கள் இறந்த நாளில்தான் நினைவுகூர்கிறது, பிறப்பு விழா எடுப்பது ஆண்டவருக்கும், டிசம்பர் 25, அன்னை மரியாளுக்கும், செப்டம்பர் 8, திருமுழுக்கு அருளப்பருக்கும், ஜூன் 24, மட்டுமே. இதனால் பிள்ளைகளின் பிறந்த நாளைக் கொண்டாடலாகாது என்று சொல்ல வரவில்லை. அன்று நாமும் கேக் உண்டோம், நன்றாகவே இருந்தது.

ஆனால் ஒரு சிறு பிள்ளைக்காக விருந்து வைத்த தந்தை ஒருவரைத் தொடக்க நூல் காட்டுகிறது. ஆபிரகாம், தம் மகன் ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் பெரிய விருந்து அளித்தார். அக்காலத்தில் தாய்மார் மூன்றாண்டுகள் பாலூட்டியதை மக்கபேயர் நூலில் வரும் தாயின் வாயிலாக அறிகிறோம். அன்னாளும் பால்குடி மறக்கச் செய்த பின்னரே சாமுவேலைச் சீலோவிலுள்ள ஆலயத்திற்கு அழைத்துச் சென்றாள். ஒரு மடியைவிட்டு இறங்கும் நாள் அது. அந்நாளைத்தான் ஆபிரகாம் விருந்துக்குரிய நாளாகக் கருதினார். பிறந்த நாளோ பிள்ளை ஏதும் செய்யாமலே வந்துவிடுகிறது!

பிறந்த தேதியைப் பொறுத்தவரை, நம் தலைமுறையில் பலருக்கு அது ஒன்றுக்கு இரண்டாக உண்டு. நமக்கே திருமுழுக்குப் பதிவேட்டில் அக்டோபர். பள்ளிச் சான்றிதழில் ஜூன். வலக்கையைத் தலைக்குமேல் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டால் சேர்க்கை, வயதுக்கேற்ற தேதியை அவரே எழுதிக்கொள்வார். நகைப்பிற்குரியதாகத் தோன்றினும் அச்சோதனையில் பொருள் இருந்தது. சிறு பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டித்தான் கை காதை எட்டுகிறது. ஏறக்குறைய அக்காலத்தில்தான் பால் பற்களும் விழத் தொடங்குகின்றன. 

நாம் இளங்குருவாயிருந்த நாள்களில் ஒரு தந்தை வந்து, "சாமி, இரண்டே மாதந்தான் குறைகிறது, சான்றிதழில் கொஞ்சம் முன்னால் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டார். மறுத்தோம். மூன்று ஞாயிறுகள் அவர் கோவிலுக்கு வரவில்லை. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கைக்கும் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டதால், இனி அவ்வாறு கேட்க வழியில்லை. அவசரம் மட்டும் மாறவில்லை. ஒரு வகுப்பைத் தாண்டிவிடலாமா என்று கேட்போர் ஆண்டுதோறும் வருகின்றனர்.

பாலர் கல்வி என்றவுடன் நினைவுக்கு வரும் மரியா மாண்டிசோரி அம்மையார், 1907 ஜனவரி 6 அன்று, மூவரசர் திருநாளில், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உலகப் போர் மூண்டது. இத்தாலி எதிரணியில் சேரவே, அவருடைய மகன் மாரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. 1940 ஆகஸ்டு 31 அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாள். அதனை முன்னிட்டு அரசு அவருக்கு அளித்த பரிசு, மகனின் விடுதலை! அந்த மகனே குழந்தைப் பருவத்தில் தாயைப் பிரிந்து வேறொரு குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதை அறிந்தோர், அப்பரிசின் அருமையை இன்னும் நன்கு உணர்வர். நம் ஐந்து வயதுப் பிள்ளை கேட்டதும் பொம்மையன்று, ஓர் ஆளைத்தான்.

இனிப் பாலர் பள்ளியின் கடைசி நாளுக்கு வருவோம். இப்போதெல்லாம் இந்நாளில் "பட்டமளிப்பு விழா" நடத்துவது வழக்கமாகிவிட்டது. கறுப்பு அங்கி, குஞ்சம் தொங்கும் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். ஏப்ரல் வெயிலில் கறுப்பு அங்கி! பெற்றோர் விரும்பினர், வாடகைக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, நாமும் இசைந்திருந்தோம். சான்றிதழ் வழங்க ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைப்பதாக இருந்தது. அவரிடம் நாமே சென்று, மேடையில் அமர்ந்து வாழ்த்தினால் போதும் என்று கேட்டுக்கொண்டோம். அவர் முகம் சற்று வாடியது உண்மைதான். சான்றிதழ்களை ஆயா வழங்கினார். எந்தக் காகிதம் எந்தப் பிள்ளைக்கு என்று பெயரைப் படித்துச் சொல்ல ஆசிரியை பக்கத்தில் நின்றார். காகிதத்தில் பெயர் படிக்க ஆயாவுக்குத் தெரியாது. பிள்ளைகளையோ, அவரவர் விரும்பி உண்பது எது, எவனுக்கு இருட்டென்றால் அச்சம் என்பது வரையில் அவருக்குத் தெரியும்.

நம் சிறுவன் மேடையேறியபோது தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. ஆயா அதனை உயர்த்திவிட்டார். அவன் காகிதத்தை வாங்காமல், "ஜூன் மாசம் நீயும் வேன்ல வருவியா?" என்று கேட்டான். மேடையோரத்தில் நின்ற நாம், எதையேனும் சொல்லி அவனைத் தேற்றிவிட நாவெடுத்தோம். அதற்குள் ஆயா குனிந்து, "வரமாட்டேன் ராசா. சாயங்காலம் வேன் நம்ம கோயில் வழியாத்தானே திரும்பும்? நான் வாசல்ல நிப்பேன்" என்றார். அவன் சற்று யோசித்தான். பிறகு காகிதத்தை வாங்கிக்கொண்டான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. முதல் வாரம் முழுவதும் வேன் கோவில் முன் வரும் நேரத்தில் ஆயா வாசலில் நின்றார்; சன்னல் வழியே ஒரு சிறு கை அசைந்தது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் அவன் பக்கத்துப் பையனோடு பேச்சில் மூழ்கி, இப்பக்கம் திரும்பவேயில்லை. ஆயா உள்ளே வந்து அதனை நம்மிடம் சொல்லிவிட்டு, பாய்களை வெயிலில் போடச் சென்றார். மறுநாளும் அந்நேரத்திற்கு வாசலில் நின்றார்.