அறுபதிலும் ஆடலாம் சதுரங்கம்

பேரனிடம் பத்தே நிமிஷத்தில் தோற்று, 'நமக்கு இனிமே எங்கே வரப்போகுது?' என்று பலகையை மடித்து வைக்கும் தாத்தாக்கள் நம்மில் அநேகர். மடிக்காதீர்கள்! விக்டர் கோர்ச்னோய் 2011-இல், தமது 80-ஆம் வயதில், சுவிட்சர்லாந்து தேசியப் பட்டத்தை வென்றார்.

அவர் ஆயுள் முழுதும் ஆடியவர். புதிதாகக் கற்கும் நாம் என்ன செய்வது? மனப்பாடத்தில் சிறுவர்களோடு போட்டி வேண்டாம். ஆட்டத்தின் முடிவிலிருந்து தொடங்குங்கள். இரண்டு ராஜா, ஒரு சிப்பாய் போதும். ராஜாக்கள் நடுவே ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நின்றால், அடுத்து நகர்த்த வேண்டியவரே வழிவிட்டாக வேண்டும். இந்தச் சூட்சுமம் பிடிபட்டால், தோற்க இருந்த சில ஆட்டங்கள் டிராவாகும்.

தோற்ற ஆட்டத்தை எழுதிவைத்துப் பேரனிடமே விளக்கம் கேளுங்கள். வீட்டில் இந்தியிலேயே பேசுகிற பிள்ளையும், 'தாத்தா, குதிரையை ஏன் விட்டீங்க?' என்று தமிழில் கேட்பான். அதுவும் ஒரு வெற்றிதானே!