சிறியவற்றில் உண்மை: வின்சுலோ அகராதி தரும் சான்று

கிறித்தவம் போற்றும் பண்புகளுள் ஒன்று, அன்றாடச் சிறு பணியிலும் பிறழாது நிற்றல். லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரம் இதனை வலியுறுத்துகின்றது. அங்கு வரும் கிரேக்கச் சொல் ‘பிஸ்டோஸ்’ என்பது. நம்புதல், நம்பத்தகுதல் என்னும் இருபொருளும் அதற்கு உண்டு. விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தியோர் முன்னதற்கு ‘விசுவாசம்’ என்னும் வடசொல்லை ஆண்டனர். பின்னதற்கு ‘உண்மை’ என்னும் தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தனர். உள்ளத்திற்கு உண்மை, வாய்க்கு வாய்மை, மெய்க்கு மெய்மை எனப் பிரித்துரைப்பது நம் மரபு. ஆகலின், பிறர் காணாவிடத்தும் உள்ளம் பணியோடு ஒத்து நிற்றலே சிறியவற்றில் உண்மை எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இப்பண்பு நம் துறையில் தெளிவாக விளங்கும் இடம் அகராதிப் பணியாகும். யாழ்ப்பாணத்தில் சோசப் நைட் என்னும் தொண்டர் தொடங்கிய சொற்றொகுப்பு, பலர் கைம்மாறி, மைரன் வின்சுலோ என்னும் அமெரிக்கத் தொண்டரை அடைந்தது. இராமாநுச கவிராயர் முதலிய தமிழ்ப் புலவர்களின் துணையும் அதற்குக் கிடைத்தது. 1862-இல் சென்னையில் வெளிவந்த அவ்வகராதி 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதன் பின்னர் ஈராண்டில், 1864-இல், வின்சுலோ மறைந்தார்.

சமயம் பரப்ப வந்தவர் செய்த அகராதியில் சமயச் சார்பு இராதோ என ஐயுறலாம். அந்நூலே இதற்கு விடை தருகின்றது. செய்யுள் வழக்கொடு உலக வழக்கும், சோதிடச் சொற்களும், புராணப் பெயர்களும், தெய்வப் பெயர்களும் அடங்கும் என அது அறிவிக்கின்றது. தம் சமயம் ஏலாத தெய்வத்தின் பெயரையும் விடாது பதிந்தமை, பணிக்கு உண்மையாக நின்றமையன்றோ? விருப்பிற்கேற்ப ஒரு சொல்லை விட்டிருப்பினும் எவரும் எளிதில் அறியார். அகராதியில் பிழையேனும் கண்ணிற்படும். விடுபட்ட சொல்லோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஒருவர் விட்டதைப் பின்வருவோரும் விடுதல் கூடும். ஒருவர் பிழைத்ததைப் பின்வருவோரும் வழிமொழிதல் கூடும். சிறியதில் நேர்ந்த பிறழ்ச்சி பெரியதாவது இவ்வாறே.

1913-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு முதற் பதிப்பாசிரியராக அமைந்தவரும் மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாந்திலர் என்னும் பாதிரியாரே. பின்னர் வையாபுரிப் பிள்ளையின் பொறுப்பில் 1936-இல் ஆறு தொகுதிகளும், 1939-இல் பின்னிணைப்பும் நிறைவுற்றன. சமயம் வேறாயினும் பணியின் ஒழுக்கம் ஒன்றாகவே தொடர்ந்தது.

அப்பணி இன்னும் முடிந்திலது. சென்னைக் கடற்கரை மீனவர் கடல்நீரோட்டங்களை வன்னி, தெண்டி முதலிய பெயர்களால் வழங்குகின்றனர். நெம்மேலி முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களில் காற்றும் அலையும் வலையும் பற்றிய சொற்களை முதியோர் வாய்க்கேட்டுப் பதிதல் வேண்டும். சொன்னவாறே எழுதுதல், இடமும் நாளும் குறித்தல், ஐயுற்றதை மறுநாள் மீண்டும் கேட்டல் ஆகிய இவை புகழ் தாரா. முதியோரொடு சொல்லும் மறையுமாயின், பின்னர் எத்துணைப் பெரிய ஆய்வும் அதனை மீட்டல் அரிது. பட்ட ஆய்வில் புகும் மாணவர் முதற்கண் பயிலவேண்டியது இச்சிறு பணியே என்பது நம் துணிபு.