இறாலின் இரத்த அணுக்களும் வெண்புள்ளி வைரஸும்

1994-ஆம் ஆண்டில் இந்தியாவின் கிழக்குக் கடற்கரையோரத்து இறால் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. பின்னர் அது கேரளத்துக் காயலோரக் குளங்களையும் விட்டுவைக்கவில்லை. நோய் கண்ட குளத்தில் 3 முதல் 10 நாட்களுக்குள் இறால் முழுவதும் மடிந்துபோதல் கூடும். கோழிக்கும் மாட்டிற்கும் தடுப்பு ஊசி இருக்க, இறாலுக்கு மட்டும் ஏன் இல்லை என்று பண்ணையாளர் வினவுவது இயல்பே. இவ்வினாவிற்கு விடை இறாலின் இரத்தத்தில் உள்ளது.

இரத்த அணுக்களின் பணி

முதுகெலும்புள்ள பிராணிகளின் உடலில் ஒரு கிருமி புகுந்தால், அக்கிருமியையே குறிவைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அதனை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும் அணுக்களும் எஞ்சுகின்றன. தடுப்பு ஊசி இந்நினைவையே ஆதாரமாகக் கொண்டது. இறாலுக்கு எதிர்ப்பொருள்களும் இல்லை. அத்தகைய நினைவணுக்களும் இல்லை. மேலோட்டினைக் கடந்து உள்ளே வரும் கிருமியை எதிர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் இரத்த அணுக்களையே சார்ந்தது.

இவை மணிகளற்றவை, சில மணிகளை உடையவை, மணிகள் நிறைந்தவை என மூவகைப்படும். கிருமிகளை விழுங்குதலும், விழுங்க இயலாதவற்றைப் பல அணுக்கள் கூடிச் சூழ்ந்து அடைத்தலும் இவற்றின் தொழில். மணிகளிலிருந்து வெளிப்படும் நொதிகளின் வினையால் மெலனின் என்னும் கருநிறப் பொருள் தோன்றிக் கிருமியை மூடுகிறது. காயம்பட்ட இறாலின் ஓடு கறுப்பது இதனாலேயே. இரத்தம் உறைவதற்கும் இவ்வணுக்கள் இன்றியமையாதன.

வைரஸ் வெல்லும் விதம்

வெண்புள்ளி வைரஸ் காவல் புரியும் அணுக்களுக்குள்ளேயே, சிறப்பாக மணிகளை உடையவற்றில், புகுந்து பெருகுகிறது. இரைப்பையின் மேற்புறத்தில் புதிய இரத்த அணுக்களைத் தோற்றுவிக்கும் திசுவையும் அது தாக்குகிறது. ஆகவே அழிந்த அணுக்களை ஈடுசெய்யும் வழியும் அடைபடுகிறது. நலமுள்ள இறாலின் இரத்தம் வெளிப்பட்டதும் விரைவில் உறையும். நோய் முற்றிய இறாலின் இரத்தமோ உறையத் தாமதிக்கும், அல்லது உறையாமலே நிற்கும்.

வைரஸின் மரபுப் பொருளுக்கு ஏற்ப அமைத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைச் செலுத்தி, இறாலைக் காக்க இயலும் என்று ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர். எனினும் இம்முறை பண்ணைகளில் பொது வழக்கிற்கு வரவில்லை.

களத்தில் செய்யத்தக்கவை

எனவே வைரஸ் குளத்தினுள் புகாமல் தடுப்பதே தக்க வழி. தாய் இறாலிலிருந்து குஞ்சுகளுக்கு நோய் தொற்றுமாதலால் காவல் குஞ்சு பொரிப்பகத்திலேயே தொடங்க வேண்டும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் வர்க்கலையை அடுத்த ஓடயத்தில் உள்ளது போன்ற பொரிப்பகங்களின் முக்கியத்துவம் இதனால் விளங்கும். பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இல்லையெனக் கண்ட குஞ்சுகளையே வாங்கி விடுதல் வேண்டும். நோயற்ற தாயின் குஞ்சுகளும் நோயை எதிர்க்கும் வல்லமை பெற்றவை அல்ல என்பதைப் பண்ணையாளருக்கு உணர்த்துவது அவசியம்.

குளத்து நீரை வடிகட்டுதல், வைரஸைச் சுமந்து வரும் நண்டுகளைத் தடுக்க வேலியிடுதல், ஒரு குளத்து வலையை மற்றொன்றில் பயன்படுத்தாதிருத்தல் ஆகியன ஏனைய காப்புகள். வெண்புள்ளிகள் வேறு காரணங்களாலும் தோன்றக்கூடும். ஆதலின் சோதனையின்றி முடிவு செய்தல் கூடாது. நோய் உறுதியானால், குளோரின் கலந்து கிருமி நீக்கும் முன்னர் அந்நீரை வாய்க்காலில் திறந்துவிடலாகாது. திறந்தால் அண்டைக் குளங்களும் அழியும். இவ்வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை என்பதையும் பொதுமக்களுக்குத் தெரிவித்தல் நலம்.