ஒழுகும் பைப்புக்குள் ஒரு குளோப் வால்வு

எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் சொட்டுகிற பைப்பைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வாசர். அதில் வட்டமாக வெட்டுப்பட்ட தடம். ஆலைகளில் நீராவியை அடக்குகிற குளோப் வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது, ரப்பருக்குப் பதில் உலோகத் தட்டை வைத்துக்கொண்டு.

உடலை உருண்டையாக வார்த்த காலத்தில் வந்த பெயர் அது. உருண்டைக்குள் ஒரு குறுக்குச் சுவர், சுவரில் வட்டத் துளை. துளையின் விளிம்புதான் இருக்கை. சக்கரத்தைத் திருகத் தண்டு இறங்கி, நுனியிலுள்ள தட்டு இருக்கையில் நேராக வந்து அமரும். கேட் வால்வில் பலகை ஓட்டத்தைக் குறுக்கே வெட்டி இறங்கும். பாதியில் நிறுத்தினால் அதிரும், விளிம்பு அரிபடும். குளோப் வால்வை வேண்டிய இடத்தில் நிறுத்தி ஓட்டத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தட்டு அதிகம் உயரவும் தேவையில்லை. 100 மி.மீ. துளைக்கு 25 மி.மீ. உயர்ந்தாலே துளையின் பரப்பளவுக்குச் சமமான வழி கிடைத்துவிடும்.

ஆனால் தண்ணீர் படும் பாடு கொஞ்சமல்ல. நேரே போக வேண்டியது துளைவழி மேலேறி, மடங்கி, மறுபடி கிடையாக ஓட வேண்டும். இரண்டு அங்குலக் குளோப் வால்வை முழுதாகத் திறந்து வைத்தாலும், ஏறக்குறைய 17 மீற்றர் நேர்ப் பைப்பில் இழக்கும் அழுத்தம் அதற்குள்ளேயே போய்விடும். கேட் வால்வில் அரை மீற்றர் அளவுகூட இல்லை. வெங்காயத்துக்கு இறைக்கிற மோட்டர் லைனில் குளோப் வால்வைப் பொருத்துவது கரண்ட் காசை வாய்க்காலில் விடுகிற வேலை. பெரிய அளவுகளில், அடியிலிருந்து தள்ளும் அழுத்தத்தை எதிர்த்துத் தட்டை அமர்த்தவே கை வலிக்கும்.

யாழ்ப்பாணத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. நமது கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தில் அடியில் படிகிற அதே வெள்ளை, இருக்கையின் விளிம்பிலும் படியும். வாசர் பொருந்தாது, நாம் இன்னும் இறுக்குவோம், ரப்பர் இன்னும் வெட்டுப்படும். 2024இல் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தத் தொல்லை குறையும் என்று எதிர்பார்க்கலாம்.

மற்றவர்கள் புது வாசர் போடுமுன் இருக்கையை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்றால் வினாகிரியில் நனைத்த துணியைச் சிறிது நேரம் அதில் வைத்துத் துடைக்கலாம். பள்ளமே விழுந்திருந்தால் தீட்டிச் சமப்படுத்த வேண்டும். அதற்கும் பைப்பைச் சுவரிலிருந்து பெயர்க்க வேண்டியதில்லை, மேல்மூடியைக் கழற்றினால் போதும்.