ப்ளஸ் டூவிலேயே காலேஜ் பாடம்: தம்பி, தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டப் போறவங்க இந்தக் கணக்கைப் பாருங்க

பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி, ரேடியல் ரோடு வழியா ஓஎம்ஆர் ஆபீஸுக்குப் போய் வர்றவங்கள்ல நிறைய பேருக்குச் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே அதுல ஒரு பங்கு பேர் எழுதி வெச்சாச்சு. வாடகை, ஊருக்கு அனுப்புற பணம், அப்புறம் தம்பியோட படிப்பு. தம்பி இப்போ ப்ளஸ் ஒன் முடிச்சு ப்ளஸ் டூ போறான்னா, அடுத்த ஜூன் மாசம் உங்க போனுக்கு ஒரு கால் வரும்: "அண்ணா, ஃபீஸ் கட்டணும்."

"அமெரிக்காவுல ப்ளஸ் டூ படிக்கும்போதே காலேஜ் கோர்ஸ் முடிச்சுடறாங்களாமே, இங்க அப்படிப் பண்ணி ஒரு வருஷ ஃபீஸை மிச்சம் பிடிக்க முடியாதா?" இது நல்ல கேள்விதான். சுருக்கமான பதில்: இங்க வருஷம் மிச்சமாகாது. ஆனா வேற ஒண்ணு மிச்சமாகும், அதோட மதிப்பு சின்னதில்ல.

முதல்ல அங்க என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம். மினசோட்டா மாநிலம் 1985-லேயே இதுக்குச் சட்டம் கொண்டு வந்துச்சு. 11, 12-ஆம் வகுப்புப் பிள்ளைங்க காலேஜுக்குப் போய்ப் படிக்கலாம், கட்டணத்தை அரசு பார்த்துக்கும். வாஷிங்டன் மாநிலத்துல 1990-ல வந்த சட்டத்துல பிறந்ததுதான் 'ரன்னிங் ஸ்டார்ட்'. சியாட்டில், பெல்வியூ பக்கம் உங்க டீம்ல யாராவது ஆன்சைட் போய் செட்டில் ஆகியிருந்தா கேட்டுப் பாருங்க, பெல்வியூ காலேஜ்ல பிள்ளைங்க இதுல படிக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டியூஷன் ஃபீஸ் கிடையாது. புத்தகம், போக்குவரத்து, சில்லறைக் கட்டணங்கள் குடும்பத்தோட பொறுப்பு. ரெண்டு வருஷமும் முழுசா எடுக்கிற பையன், ஸ்கூல் முடிக்கும்போதே ரெண்டு வருஷ காலேஜ் பட்டமும் கையில வெச்சிருக்கலாம். அங்க இது நிஜமாவே பண சேமிப்பு.

நம்ம ஊர்ல ஸ்கூல் போர்டு வேற, பல்கலைக்கழகம் வேற. 2021-ல வந்த கிரெடிட் பேங்க் காலேஜ்ல சேர்ந்தவங்களுக்கான கணக்காத்தான் தொடங்குச்சு. ஸ்வயம் தளத்துல ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 40 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம்னு யூஜிசி விதி இருக்கு, ஆனா அதுவும் காலேஜ்ல சேர்ந்த பிறகுதான்.

இதுக்கு நம்ம பக்கத்துல கிட்டத்தட்ட ஒத்து வர்றது பள்ளிக்கரணையிலிருந்து அரை மணி நேர தூரத்துல, ஐஐடி மெட்ராஸ்ல இருக்கு. 2020 ஜூன்ல ஆன்லைன் பட்டப்படிப்பா தொடங்கினாங்க. இப்போ அது டேட்டா சயின்ஸ் பிஎஸ். 11-ஆம் வகுப்புத் தேர்வு எழுதி முடிச்ச எந்தப் பிரிவு மாணவரும் இதுக்கு விண்ணப்பிக்கலாம், காமர்ஸ் படிச்சாலும் சரி. பத்தாவதுல கணிதமும் ஆங்கிலமும் படிச்சிருக்கணும். ஜேஇஇ தேவையில்ல. நாலு வாரம் நிஜமான காலேஜ் பாடம் நடத்துவாங்க: கணிதம், புள்ளியியல், கணினி வழிச் சிந்தனை, ஆங்கிலம். வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. அதுல தேவையான மார்க் எடுத்தவங்க மையத்துக்கு நேர்ல போய்த் தகுதித் தேர்வு எழுதலாம். இத்தனை சீட்டுதான்னு வரம்பு கிடையாது. கட் ஆஃப் தாண்டினா இடம் உண்டு, ப்ளஸ் டூ பாஸ் பண்ணினதும் சேர்ந்துக்கலாம். எடுத்த தகுதி எத்தனை நாளைக்குச் செல்லும்ங்கறதை விண்ணப்பிக்கும்போதே பார்த்து வெச்சுக்குங்க.

சேர்ந்த பிறகு மொத்தம் 142 கிரெடிட். முதல் நிலையில 8 பாடம், 32 கிரெடிட். தொடங்கின காலத்துல இந்த எட்டுக்கும் சேர்த்து 32,000 ரூபாய்தான். இப்போதைய கட்டணத்தை அவங்க தளத்துல பாருங்க. மேல் நிலைகள்ல கிரெடிட்டுக்கான கட்டணம் கூடும். வருமானம், பிரிவு பொறுத்து 75 சதவீதம் வரைக்கும் சலுகை இருக்கு. நமக்கு முக்கியமானது, வருஷத்துக்கு இவ்வளவுன்னு மொத்தமா கட்ட வேண்டாம், அந்தப் பருவத்துல எடுக்கிற பாடத்துக்கு மட்டும் கட்டினா போதும். பாதியில நின்னாலும் சர்ட்டிஃபிகேட், டிப்ளமோ, பிஎஸ்சின்னு அந்தந்த நிலைக்கு ஒரு தாள் கையில இருக்கும். நாலு வருஷ இன்ஜினியரிங்ல மூணாம் வருஷம் நின்னவனுக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, மிச்சமாகிறது என்ன?

தப்பான படிப்புல சேர்ந்து வெளிய வர்ற செலவு. ஒரு உதாரணக் கணக்கு. காலேஜ் ஃபீஸ், பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1.5 லட்சம்னு வெச்சுக்குவோம். முதல் வருஷம் முடிஞ்சதும் "கோடிங் எனக்கு வரலண்ணா"னு தம்பி வேற கோர்ஸுக்கு மாறினா அந்த 1.5 லட்சம் போச்சு. வேலைக்குப் போறது ஒரு வருஷம் தள்ளுது. மாசம் 30,000 சம்பளம்னா அது 3.6 லட்சம். ஆக மொத்தம் 5.1 லட்சம். இதையே ப்ளஸ் ஒன் லீவுல நாலு வாரம் உட்கார்ந்து தெரிஞ்சுக்கிட்டா, செலவு ஒரு விண்ணப்பக் கட்டணம்தான். அதுவும் வேண்டாம்னா என்பிடெல். 2003-லிருந்து ஐஐடி பேராசிரியர்கள் நடத்துற பாடங்கள் யூடியூப்ல இலவசமா கிடக்கு. தேர்வு எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கணும்னாதான் காசு. மெக்கானிக்கல் வேணும்னு அடம் பிடிக்கிற பையனை மெக்கானிக்கல் முதல் வருஷப் பாடம் பத்து வீடியோ பார்க்க வைங்க. பதினோராவது வீடியோவை அவனா போட்டானா இல்லையாங்கறதுல உங்களுக்குப் பதில் கிடைச்சுடும்.

ஆனா ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் சீட்டு ப்ளஸ் டூ மார்க்கை வெச்சுத்தான். 2007-லிருந்து மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்கு கட் ஆஃப். ப்ளஸ் டூ நடுவுல காலேஜ் பாடத்தைப் போட்டுக் குழப்பி, கணிதத்துல நாலு மார்க் விட்டா கட் ஆஃப்ல அப்படியே நாலு குறையும். கவுன்சிலிங்ல கிடைச்சிருக்க வேண்டிய சீட்டை மேனேஜ்மென்ட் கோட்டாவுல வாங்குற நிலைமை வந்தா, மேல சொன்ன மிச்சமெல்லாம் ஒரே நாள்ல காலி. முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் கவுன்சிலிங் வழியா சேர்ந்தாதான். ஆறாவதுலிருந்து அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைன்னா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுல டியூஷன், ஹாஸ்டல் கட்டணம் வரைக்கும் அரசே கட்டுது. அந்தச் சீட்டுக்கு முன்னாடி எந்த ஆன்லைன் கோர்ஸும் நிக்காது. அதனால என் கருத்து, ப்ளஸ் ஒன் முடிஞ்ச கோடை லீவு ஒண்ணு, ப்ளஸ் டூ தேர்வு முடிஞ்சு கவுன்சிலிங் வர்ற வரைக்கும் உள்ள மாசங்கள் ஒண்ணு, இந்த ரெண்டு இடைவெளி போதும். நடுவுல தொடாதீங்க.

இன்னொரு வழியும் இருக்கு, அதை நிறைய பேர் கணக்குல எடுக்கிறதே இல்ல. 2022-லிருந்து ஒரே நேரத்துல ரெண்டு பட்டப்படிப்பு படிக்க யூஜிசி அனுமதிக்குது. பெரும்பாக்கம் அரசு கலை அறிவியல் கல்லூரி மாதிரி ஒரு அரசுக் காலேஜ்ல பகல்ல ஒரு டிகிரி, ராத்திரி ஆன்லைன்ல இன்னொண்ணு. அரசுக் காலேஜ் ஃபீஸ் உங்க பட்ஜெட்டை அசைக்காது. அரசுப் பள்ளியில படிச்சு வந்த பிள்ளைன்னா புதுமைப் பெண் அல்லது தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் வரும், ஆன்லைன் பாடக் கட்டணத்துல ஒரு பகுதிக்கு அது ஆகும். கேம்பஸ் இன்டர்வியூ எதிர்பார்க்கிற பையனுக்கு இது ஒத்து வராம போகலாம், அதையும் வெளிப்படையா பேசிடுங்க.

கடன் வாங்கித்தான் ஆகணும்னா

4 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருஷம்: மாசம் சுமார் 6,640 ரூபாய். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 1.58 லட்சம். இதை உங்க பேர்ல பர்சனல் லோனா எடுத்தா வட்டி இன்னும் கூடும். கல்விக் கடனாவே எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கு. 80இ பிரிவுல வட்டிக்கு வரிச் சலுகை உங்களுக்கு, உங்க கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, அல்லது நீங்க சட்டப்படி பாதுகாவலரா இருக்கிற மாணவருக்குத்தான். கூடப் பிறந்தவங்க அந்தப் பட்டியல்ல இல்ல. பாவம், அண்ணன்களையும் அக்காக்களையும் சட்டம் எழுதினவங்க மறந்துட்டாங்க போல. புது வரி முறையில இருந்தா 80இ சலுகையே கிடையாது.

அதனால கடன் தம்பி பேர்ல, அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரரா இருக்கட்டும். வேலைக்குப் போய் அவனே வட்டி கட்டும்போது, பழைய வரி முறையில இருந்தா, கட்டத் தொடங்கின வருஷத்திலிருந்து 8 வருஷம் வரைக்கும் 80இ அவனுக்குக் கிடைக்கும். அதுவரைக்கும் நீங்க மாசாமாசம் அவன் அக்கவுண்ட்டுக்கு அனுப்புற பணத்துக்கும் பிரச்சினை இல்ல. கூடப் பிறந்தவங்க கொடுக்கிற பணத்தை வருமான வரிச் சட்டம் அவனோட வருமானமா எடுத்துக்காது.