முகம் மறைத்த மகா நடிகர் - சர் அலெக் கின்னஸ்

'நவராத்திரி' (1964) படத்தில் சிவாஜி கணேசன் ஒன்பது வேடம் போட்டதை நம்ம வீடுகளில் இன்றைக்கும் பேசுகிறோம். அதற்குப் பதினைந்து வருஷம் முன்னாடியே, 1949-ல், 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த எட்டுப் பேராக ஒருவர் நடித்தார். அந்த எட்டில் ஒன்று பெண் வேடம். அவர்தான் அலெக் கின்னஸ்.

1914 ஏப்ரல் 2-ஆம் தேதி லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் இல்லை. விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதும் வேலை பார்த்தார். ஆனால் மேடை ஆசை விடவில்லை. 1934-ல் புகழ்பெற்ற நடிகர் ஜான் கீல்குட் தம்முடைய 'ஹாம்லெட்' நாடகத்தில் சிறு வேடம் கொடுத்தார். நாலே வருஷத்தில், 1938-ல், ஓல்டு விக் அரங்கில் கின்னஸே ஹாம்லெட் ஆகிவிட்டார்! போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1943-ல் சிசிலி படையெடுப்பில் ஒரு படகுக்குத் தலைமை தாங்கினார்.

அவருடைய பாணி அலட்டிக்கொள்ளாத பாணி. சிவாஜி குரலால் அரங்கை அதிர வைப்பார் என்றால், இவர் நடையையும் கண்ணசைவையும் வைத்தே ஆளை மாற்றிக் காட்டுவார்.

1957-ல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. ஜப்பானியரிடம் கைதியான கர்னல் நிக்கல்சன், தன் படையின் மானத்தைக் காப்பதாக நினைத்து, எதிரிக்கே நல்ல பாலம் கட்டிக் கொடுக்கிறார். கடமை உணர்வு எப்போது கண்மூடித்தனம் ஆகிறது? அதைக் கின்னஸ் பிரசங்கம் பண்ணாமல் முகத்திலேயே காட்டினார்.

படம் பிடித்த இடம் இலங்கையின் கித்துல்கல. ஆனால் நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அந்தச் சயாம்-பர்மா ரயில் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும் சாகவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். படத்தில் அவர்கள் கதை இல்லை.

1959-ல் 'சர்' பட்டம். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' லாபத்தில் பங்கு கிடைத்துப் பணம் குவிந்தது. ஆனாலும் அந்தப் புகழ் அவருக்கு உவப்பாக இல்லை. 1984-ல் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக வந்தார். இந்திய வேடத்துக்கு இந்திய நடிகர் கிடைக்கவில்லையா என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். எந்த முகத்தையும் போட்டுக்கொள்ளலாம் என்ற கலைக்கும் எல்லை உண்டல்லவா?

2000 ஆகஸ்ட் 5-ஆம் தேதி காலமானார். குவாய்ப் படத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். கின்னஸின் நடிப்பை ரசியுங்கள். படம் முடிந்ததும், திரையில் வராத அந்தத் தமிழர் கதையையும் சொல்லுங்கள். அதைச் சொல்ல வேண்டியது நாம்தானே!